வாகரைப் பக்கம் மூன்று நாள் ஊழியத்துக்குப் போகலாமா?

கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், வாசிக்கிற மற்றவர்களுக்கும் விளங்கட்டும். நீங்கள் கொழும்பில் ஒரு சபையின் வாலிபர் ஐக்கியத்தில் இருக்கிறீர்கள். வருகிற விடுமுறையில் இருபது பேர் மட்டக்களப்பு மாவட்டத்தில் வாகரைப் பக்கத்து வேடர் (ஆதிவாசிகள்) கிராமம் ஒன்றுக்கு மூன்று நாள் ஊழியப் பயணம் போக ஏற்பாடாகிறது. உலர் உணவு, உடுப்பு, பாடசாலைப் பை, வேதாகமம் எல்லாம் ஒரு லொறியில் போகும். ஒரு நாள் மருத்துவ முகாம், இரண்டு இரவு ஜெபக்கூட்டம். இது அந்த ஏழைச் சனத்துக்கு உண்மையிலேயே உதவுமா, இல்லை மதமாற்றம் என்று பிரச்சினையாகுமா என்று கேட்டிருக்கிறீர்கள். பின்பாதிக்குச் சட்டப்படி பதில் இருக்கிறது, கீழே சொல்கிறேன். உங்கள் மனதை அரிப்பது முன்பாதி என்றுதான் எனக்குப் படுகிறது: நாங்கள் போவதால் அவர்களுக்கு நன்மையா, எங்களுக்கா?

நான் ஒரு திருச்சபையின் சமூகசேவைப் பிரிவில் இருபது வருடத்துக்கு மேல் வேலை செய்தவன். அதில் பாதிக்கு மேல் வாகரையிலும் மூதூர் கிழக்கிலும் கழிந்தது. சுனாமிக்கு முன்னும் பின்னும், 2006 கடைசியில் யுத்தத்தால் சனம் மூட்டை முடிச்சோடு வெளிக்கிட்ட நாட்களிலும், பிறகு மீள்குடியேற்றத்திலும் அங்கே இருந்தேன். இப்போது தெஹிவளையில் இருக்கிறேன். நான் கிறிஸ்தவன், ஆனால் வேடர் சமூகத்தவன் இல்லை. சட்டத்தரணியும் இல்லை. நான் சொல்வது வெளியிலிருந்து போய் நெடுநாள் தங்கிய ஒருவன் கண்டது. அந்த அளவில் எடுத்துக்கொள்ளுங்கள்.

கொழும்பில் வேடர் என்றதும் எல்லோருக்கும் நினைவு வருவது தம்பானை. மஹியங்கனைப் பக்கம், தோளில் கோடாரி, அவர்களின் தலைவர் ஊருவரிகே வன்னிலா அத்தோ. 1983இல் மாதுறு ஓயா தேசியப் பூங்கா பிரகடனமானபோது காட்டை இழந்தவர்கள் அவர்கள். நீங்கள் போகிற இடம் வேறு. கிழக்குக் கரையோர வேடர்கள் தமிழ் பேசுகிறவர்கள். குஞ்சங்குளம், பால்சேனை, பனிச்சங்கேணி, தெற்கே களுவன்கேணி, வடக்கே மூதூர் கிழக்கில் சந்தோசபுரம், பாட்டாளிபுரம் என்று கரையை ஒட்டியும் காட்டோரமாகவும் பரந்திருக்கிறார்கள். களப்பில் மீன், இறால், காட்டில் தேன், விறகு, கொஞ்சம் சேனைப்பயிர், மிச்ச நாளெல்லாம் கூலி. 1911 குடிசன மதிப்பீட்டில் நாடு முழுதும் ஐயாயிரத்துக்கு மேற்பட்டோர் வேடர் என்று பதிவானார்கள். 1953இல் அது ஆயிரத்துக்கும் கீழே போய்விட்டது. அவ்வளவு பேரும் செத்துப் போகவில்லை. இந்தப் பக்கம் தமிழர் என்றும் அந்தப் பக்கம் சிங்களவர் என்றும் எழுதப்பட்டார்கள். இதை ஏன் சொல்கிறேன் என்றால், 'வேடர்' என்ற சொல்லே அங்கே ஒரே மாதிரி விழாது. சிலர் பெருமையோடு 'நாங்க ஆதிவாசி' என்பார்கள். பள்ளிக்கூடத்தில் அந்தச் சொல்லால் ஏச்சு வாங்கிய பிள்ளை தலையைக் குனிந்துகொள்ளும். 'வேடர் மத்தியில் ஊழியம்' என்று பெனர் அடித்திருந்தால், தயவுசெய்து அதை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள்.

இன்னொன்று. சுவிசேஷம் போகாத இடத்துக்கு முதன்முதலாகப் போகிறோம் என்ற எண்ணம் உங்கள் குழுவில் யாருக்காவது இருந்தால் அது பிழை. வெஸ்லியன் மிஷனைச் சேர்ந்த வில்லியம் ஓல்ட் மட்டக்களப்புக்கு வந்தது 1814இல். ஒரு வருடத்துக்குள் அங்கேயே இறந்தும் போனார். அவர் தொடங்கிய பள்ளிக்கூடம்தான் இன்றைய மெதடிஸ்த மத்திய கல்லூரி. அதற்குப் பிறகு ரால்ஃப் ஸ்டொட் என்ற மிஷனரி மட்டக்களப்பிலிருந்து உள்ளே காடுகளுக்குப் போய் வேடர்களிடையே வேலை செய்தார், ஞானஸ்நானமும் கொடுத்தார். அதே காலத்தில் ஸ்டூவர்ட் மெக்கன்சி என்ற ஆளுநர் வேடர்களை ஓரிடத்தில் குடியேற்ற முனைந்தார். காணி, வீடு, விதை, பள்ளிக்கூடம் எல்லாம் அரசாங்கமும் மிஷனும் சேர்ந்து கொடுத்தன. எங்கள் திருச்சபை வரலாறுகளில் இதைப் பெருமையாக எழுதுவோம். பெருமைப்படவும் இடமுண்டு. ஆனால் காணி தருகிற கையும் ஞானஸ்நானம் தருகிற கையும் பக்கத்தில் பக்கத்தில் நின்றன என்பதை மறக்கக் கூடாது. வாங்குகிறவருக்கு எது எந்தக் கை என்று எப்படித் தெரியும்? உங்கள் லொறியிலும் அரிசிப் பையும் வேதாகமமும் ஒன்றாகத்தானே போகப் போகின்றன.

2005இல் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். சுனாமி முடிந்து சில மாதம். நான் வேலை செய்த பிரிவின் உதவியோடு கொழும்பிலிருந்து ஒரு குழு வந்தது. நல்ல பிள்ளைகள், விடிய விடியப் பயணம் செய்து களைத்துப்போய் வந்து இறங்கினார்கள். முதலில் பாட்டு, பிறகு செய்தி, பிறகு 'இயேசுவை ஏற்றுக்கொள்கிறவர்கள் கையை உயர்த்துங்கள்' என்றார்கள். அதற்குப் பிறகு பார்சல். முன்வரிசையில் எல்லோரும் பெத்தா என்று கூப்பிடுகிற ஒரு கிழவி இருந்தா. முதலாவதாகக் கை தூக்கியது அவதான். பொழுதுபட அவவின் குடிலுக்குப் போனேன். பார்சலைப் பிரித்துப் பருப்பையும் சீனியையும் வேறு வேறு டின்னில் கொட்டிக்கொண்டிருந்தா. வேதாகமத்தை ஒரு சொப்பிங் பையில் சுற்றி, மழை படாத இடமாகப் பார்த்து, கூரைக் கம்புக்கு இடையில் செருகி வைத்திருந்தா. அவவுக்கு வாசிக்கத் தெரியாது. 'பெத்தா, கை தூக்கினீங்களே, விளங்கித்தானே?' என்று கேட்டேன். 'போன கிழமை வந்த ஆக்களுக்கும் தூக்கின நான் மனே. இம்புட்டுத் தூரம் லொறி புடிச்சு வந்திருக்காங்க. ஒருத்தரும் கை தூக்காட்டி அந்தப் புள்ளைகளுக்கு மனசு நோகாதா?' என்றா.

பேராசையில் மதம் மாறுகிறார்கள் என்று ஒரு பக்கம் ஏசுவார்கள், ஆவியானவர் அசைவாடினார் என்று மறுபக்கம் சாட்சி சொல்வார்கள். பெத்தா செய்தது இரண்டுமே இல்லை. வீட்டுக்கு வந்தவர்களை வெறுங்கையோடு அனுப்பக் கூடாது என்ற மரியாதை அது. அவவிடம் கொடுக்க இருந்தது அந்தக் கை ஒன்றுதான். கொழும்புக்குப் போன அறிக்கையில் 'அறுபதுக்கு மேற்பட்டோர் ஏற்றுக்கொண்டார்கள்' என்று எழுதியது நான். பெத்தா சொன்னதைக் கேட்ட பிறகும் அந்த எண்ணைத் திருத்தவில்லை. இன்று வரை எனக்கு அது உறுத்துகிறது.

ஆகவே என் முதல் பதில் இது. அங்கே ஒருவர் உங்களிடம் 'வேண்டாம்' என்று சொல்ல முடிகிற நிலை இருக்க வேண்டும். ஐக்கிய நாடுகள் சபையில் பழங்குடி மக்களின் உரிமைப் பிரகடனம் 2007இல் நிறைவேறியபோது இலங்கையும் ஆதரித்து வாக்களித்தது. அந்த மக்களின் நிலம், வாழ்வு பற்றிய முடிவுகளுக்கு முன்கூட்டியே விளங்கவைத்துப் பெற்ற சுயாதீனமான சம்மதம் வேண்டும் என்பது அதன் அடிப்படைகளில் ஒன்று. பெரிய சட்ட வார்த்தையாகத் தெரியும். பெத்தாவின் குடிலுக்குள் வைத்துப் பார்த்தால் சின்ன விஷயம்: பசியோடு இருக்கிறவரிடம், பார்சலைக் காட்டிக்கொண்டு, விசுவாசத்தைப் பற்றி முடிவு கேட்காதீர்கள். அரிசி கொடுக்கிற நாளில் ஜெபக்கூட்டம் வைக்காதீர்கள், ஜெபக்கூட்டத்துக்கு வராத வீட்டுக்கும் அதே பார்சல் போகட்டும். நீங்கள் நேரே கொடுக்காமல் ஊர்ச் சங்கத்தின் மூலம் கொடுத்தால் இன்னும் நல்லது.

சரி, அவர்களுக்கு உண்மையில் என்னதான் தேவை? நான் கண்ட வரையில் முதல் தேவை பத்திரம். கொழும்பில் இருப்பவர்களுக்கு இது நம்பக் கஷ்டமாக இருக்கும். சாதாரண தரப் பரீட்சை எழுத அடையாள அட்டை வேண்டும், அடையாள அட்டைக்குப் பிறப்புச் சான்றிதழ் வேண்டும். பிறந்து மூன்று மாதம் தாண்டினால் அது காலங்கடந்த பதிவு. பிள்ளை எங்கே, எப்போது, யாருக்குப் பிறந்தது என்று எழுத்தில் ஆதாரம் காட்ட வேண்டும். காட்டோரக் குடிலில் பிறந்த பிள்ளைக்கு, தாயிடமே அடையாள அட்டை இல்லாதபோது, என்ன ஆதாரம்? இருந்ததையும் வெள்ளமும் சுனாமியும் இடப்பெயர்வும் கொண்டுபோய்விட்டன.

பத்தாம் வகுப்புப் படித்த ஒரு பிள்ளைக்காக நான் அலைந்தது இன்னும் நினைவிருக்கிறது. கிராம உத்தியோகத்தரின் கடிதம், பாடசாலை அதிபரின் கடிதம், குடும்பநல உத்தியோகத்தரின் பழைய பதிவேடு என்று ஒவ்வொன்றாகத் தேடினோம். ஒன்றில் பெயர் வேறு, ஒன்றில் பிறந்த ஆண்டு வேறு. கடைசியில் ஒரு சின்ன ஆலயத்தின் ஞானஸ்நானப் பதிவேட்டில் கிடைத்தது. ஓரம் கறையான் அரித்த ஒரு பக்கத்தில், நீல மையில், பிறந்த திகதியும் தாய் தகப்பன் பெயரும் யாரோ ஒரு போதகர் ஒழுங்காக எழுதி வைத்திருந்தார். பதிவாளர் அதை ஆதாரமாக ஏற்றுக்கொண்டார். பிள்ளை பரீட்சை எழுதினாள். அந்தப் போதகர் எத்தனை பிரசங்கம் செய்தாரோ, இந்த ஒரு வரியை ஒழுங்காக எழுதியதற்காக நான் அவருக்கு நன்றி சொல்கிறேன்.

இந்தக் கதைக்கு ஒரு மறுபக்கமும் உண்டு. அடுத்த மாதமே இரண்டு தாய்மார் வந்து, 'எங்கட புள்ளைகளுக்கும் ஞானஸ்நானம் குடுங்க ஐயா, பத்திரம் எடுக்கலாமாம்' என்று கேட்டார்கள். நாங்கள் கொடுக்கவில்லை. கொடுத்திருந்தால் பத்திரத்தை வைத்து ஆத்துமாவை வாங்கியதாகியிருக்கும். அதற்குப் பதில் அவர்களைப் பிரதேச செயலகத்தின் நடமாடும் சேவைக்குக் கூட்டிப்போனோம். பிறப்புப் பதிவே கிடைக்காதவர்களுக்கு உத்தேச வயதுச் சான்றிதழ் என்று ஒன்று இருக்கிறது, அதற்கு விண்ணப்பித்தோம். மாதக்கணக்கில் இழுத்தது. பஸ் காசு, போட்டோகொப்பிக் காசு, ஒரு நாள் கூலி போனதற்கு ஈடாக மத்தியானச் சாப்பாடு, இவ்வளவும்தான் செலவு. எங்கள் இருபது வருட வேலையில் கண்ணை மூடிக்கொண்டு 'இது நல்லது' என்று சொல்லக்கூடியது அதுதான்.

மற்றவை அவ்வளவு நிச்சயமாகச் சொல்லக்கூடியவை அல்ல. சபைகளுக்குப் போகத் தொடங்கிய வீடுகளில் கசிப்பு குறைந்தது என்று பெண்கள் பலர் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். அவர்கள் சொல்வதை நான் நம்புகிறேன். அடி வாங்கியவர்கள் அவர்கள்தானே. ஆனால் சில வீடுகளில் புருஷன் சபையை விட்டதும் குடி பழையபடி வந்ததையும் கண்டிருக்கிறேன். வேடர்களின் பாரம்பரிய வழிபாடான குமார தெய்வச் சடங்கு குறைந்துபோனதற்கு மிஷன்தான் காரணம் என்று ஒரு சாரார் சொல்கிறார்கள். அதில் உண்மை உண்டு. சில போதகர்கள் அதைப் பேய் என்று சொல்லிப் பயமுறுத்தியதை நானே கேட்டிருக்கிறேன், அது பெரிய பிழை. சடங்கில் பாடுகிற பாட்டுகளில் இப்போது யாரும் பேசாத பழைய வேடச் சொற்கள் இருக்கின்றன. சடங்கை நடத்துகிற கட்டாடியார் ஒருவர் கண்ணை மூடினால் அவரோடு அவ்வளவும் போய்விடும். அதேவேளை, முப்பது வருட யுத்தமும் திரும்பத் திரும்ப இடம்பெயர்ந்ததும் மற்ற ஊர்களின் பாணியில் பெரிய கோயில் கட்டும் ஆசையும் சேர்ந்து அந்தச் சடங்கை ஒதுக்கின. எது எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல யாராலும் முடியும் என்று நான் நினைக்கவில்லை. உங்கள் குழுவில் ஒருவராவது அந்தச் சடங்கைப் பற்றி மரியாதையாகக் கேட்டுத் தெரிந்துகொண்டால் சந்தோஷப்படுவேன். கேட்பதால் உங்கள் விசுவாசம் குறைந்துவிடாது.

இனி சட்டம். அரசியலமைப்பின் 10ஆம் உறுப்புரை, தான் விரும்பிய மதத்தை வைத்திருக்கவும் ஏற்றுக்கொள்ளவும் எல்லோருக்கும் உரிமை தருகிறது. 14(1)(உ) வழிபாடு, அனுசரிப்பு, நடைமுறை, போதனை ஆகியவற்றின் மூலம் மதத்தை வெளிக்காட்டும் உரிமையைப் பிரசைகளுக்குத் தருகிறது. மதமாற்றத்தைத் தடுக்க 2004இல் ஒரு சட்டமூலம் கொண்டுவரப்பட்டது, அது சட்டமாகவில்லை. ஆகவே மதமாற்றத் தடைச் சட்டம் என்று தனியாக ஒன்று நாட்டில் இல்லை. ஆனால் 2003இல் திருச்சிலுவைக் கன்னியர் சபை ஒன்றைக் கூட்டிணைக்கும், அதாவது சட்டப்படி ஓர் அமைப்பாக்கும், சட்டமூலம் பற்றி உயர் நீதிமன்றம் ஒரு தீர்மானம் சொன்னது. மதத்தைப் பின்பற்றும் உரிமை உண்டு, பரப்பும் உரிமைக்கு அரசியலமைப்பில் உத்தரவாதம் இல்லை என்றது. சமூகசேவையையும் மதம் பரப்புவதையும் ஒன்றாகச் சேர்த்திருந்ததுதான் அந்தச் சட்டமூலத்துக்கு வந்த எதிர்ப்பின் மையம். அந்தக் கன்னியர் ஐ.நா. மனித உரிமைக் குழுவிடம் போனார்கள், 2005இல் அக்குழு அவர்களின் உரிமை மீறப்பட்டது என்று சொன்னது. உள்நாட்டில் அதனால் தீர்மானம் மாறவில்லை. அப்புறம், புதிதாக வழிபாட்டிடம் கட்ட அமைச்சின் அனுமதி வேண்டும் என்று 2008இல் ஒரு சுற்றறிக்கை வந்தது. ஒரு குடிலில் கூடி ஜெபிப்பதையும் 'வழிபாட்டிடம்' என்று சொல்லிப் பொலிஸார் கேள்வி கேட்ட சம்பவங்கள் பலமுறை நடந்திருக்கின்றன. நீங்கள் கொழும்புக்குத் திரும்பிவிடுவீர்கள். அந்தக் கேள்விக்கு நின்று பதில் சொல்ல வேண்டியவர் உங்களைத் தன் முற்றத்தில் கூட்டம் வைக்க விட்ட வீட்டுக்காரர். போகுமுன் ஒரு சட்டத்தரணியிடம் அரை மணி நேரம் பேசுங்கள்.

மருத்துவ முகாம் பற்றி ஒரு வார்த்தை. இந்த நாட்டில் அரச வைத்தியசாலையில் மருந்து இலவசம். அங்கே குறைவது மருந்தை விடப் போக்குவரத்து. பாம்பு கடித்தால் இரவில் யார் கொண்டுபோவது, கர்ப்பிணிப் பெண்ணை எந்த வாகனத்தில் ஏற்றுவது என்பதுதான் கவலை. ஒரு நாள் வந்து பிரஷர் பார்த்து ஒரு கிழமைக்கு மாத்திரை கொடுத்தால் எட்டாவது நாள் என்ன செய்வது? முகாம் வைக்கத்தான் வேண்டும் என்றால் அந்தப் பிரிவின் சுகாதார வைத்திய அதிகாரியிடம் முதலிலேயே சொல்லி, அவருடைய கிளினிக் நாளோடு சேர்த்து வையுங்கள். யாருக்கு என்ன கண்டீர்கள் என்ற பட்டியலை அவரிடம் விட்டுவிட்டு வாருங்கள். காணிப் பிரச்சினையும் உண்டு. யுத்தத்துக்குப் பிறகு வன இலாகா எல்லைக்கல் நாட்டிய பல இடங்களில் தேனெடுக்கப் போவதே வழக்கில் முடிகிறது. அதை மூன்று நாளில் தீர்க்க முடியாது, ஆனால் உங்கள் சபையில் சட்டம் படித்தவர் ஒருவர் இருந்தால் அவர் மாதம் ஒருமுறை போய் வரலாம்.

ஆக, போகலாமா என்றால், போகலாம். இருபது பேராகப் போக வேண்டாம். முதல் தடவை இரண்டு மூன்று பேர், லொறி இல்லாமல், பஸ்ஸில் போங்கள். அந்த ஊர்களில் ஏற்கனவே கிறிஸ்தவர்கள் இருக்கிறார்கள், அந்தச் சமூகத்திலேயே பிறந்த ஊழியர்களும் இருக்கிறார்கள். மாதச் சம்பளம் ஒழுங்காக இல்லாமல், பகலில் களப்புக்குப் போய் மாலையில் சபை நடத்துகிறவர்கள். அவர்கள் வீட்டில் தங்குங்கள், அவர்கள் சாப்பிடுவதைச் சாப்பிடுங்கள். என்ன வேண்டும் என்று அவர்களிடமும், சபைக்கே வராத ஊர்ப் பெரியவர்களிடமும் தனித்தனியாகக் கேளுங்கள். இரண்டு பக்கமும் ஒரே விஷயத்தைச் சொன்னால் அதில் கை வையுங்கள். நவம்பரிலிருந்து ஜனவரி வரை மழை, வெள்ளம், பாதை சரியில்லை. சாதாரண தரம் எழுத வேண்டிய பிள்ளைகளில் யாருக்கு அடையாள அட்டை இல்லை என்று அதிபரிடம் கேட்டால் பெயர் பெயராகச் சொல்வார். அந்தப் பட்டியலை எடுத்துக்கொண்டு, பிரதேச செயலகத்தில் பொதுமக்கள் தினம் எந்தக் கிழமை என்று விசாரித்து, அந்த நாளுக்கு உங்கள் பயணத்தை வையுங்கள். காலை எட்டு மணிக்கே வரிசை நீண்டுவிடும், தாய்மாருக்குத் தேத்தண்ணியும் பணிசும் நீங்கள் வாங்கிக் கொடுங்கள்.